சாமந்தி மாலையோடு ஒரு கார்

பூந்தமல்லியில் என் பேட்டரிக் கடைக்குப் பக்கத்து ஷெட் ஜெகதீசனுடையது. அவனைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிற, மேல்மூடி மடங்கும் பழைய குட்டிக் கார் ஒன்றை ஓட்டுகிறான். இருநூறு மாப்பிள்ளைகளையாவது ஊர்வலம் கூட்டிப் போயிருப்பான். தனக்கென்று ஒரு பெண்ணிடம் வாயைத் திறக்க அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது.

அவள் ஹெலினா. சேக்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அப்பாவிடம் வந்து கேள், முடியாதென்றால் என்னை மறந்துவிடு என்று சொல்லிவிட்டாள். அப்பா ராயப்பன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைக் கேட்டாலே இவன் பேச்சை மாற்றிவிடுவான்.

எப்படிக் கேட்பதென்று பேச, வியாழக்கிழமை சாயங்காலம் அவளை அயனம்பாக்கம் ஏரிக்கு அழைத்துப் போனான். மூடியைத் திறந்துபோட்ட காரில். ஒளிந்து சந்திக்கிறவன் எடுக்கிற வண்டியா அது? கேட்டால், பைக் பஞ்சராம்.

வழியெல்லாம் ஜனங்கள் கை ஆட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர் "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முந்தின நாள் ஊர்வலத்துக்குக் கட்டிய சாமந்தி மாலைகள் முன்பக்கம் அப்படியே தொங்கின. கழற்ற மறந்திருக்கிறான் மடையன்.

ஹெலினாவுக்குத் தங்கை பெனிஷாவிடமிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு இவனிடம் சொன்னாள்.

"எதிர்வூட்டு நாகம்மாக்கா நம்மள ஏரி ரோட்டுல பாத்துட்டாங்களாம். நான் ஓடிப்போயி கல்யாணம் கட்டிக்கினேன்னு தெருவே பேசுதாம். அப்பா இங்கதான் வந்துகினு கீறாரு."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இருவரும் உள்ளே ஏறி, மூடியை இழுத்து மாட்டி, கண்ணாடிகளை ஏற்றினார்கள். அவள் கையைப் பிடிக்கலாமென்றால் நடுவில் கியர் ராடு. திரும்பினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இறங்கி ஓடலாமென்றால் கதவுகளின் உள் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்காகிறது. எப்போதும் மேலே கைவிட்டு வெளியிலிருந்து திறந்தே அவனுக்குப் பழக்கம். ஏற்றிய கண்ணாடியும் இறங்க மறுத்தது, மூடியின் கொக்கியும் இறுகிக்கொண்டது. வண்டியைக் கிளப்பப் போனான். சாவியை ஹெலினா உருவிக்கொண்டாள்.

"ஓடாத. இங்கியே கேளு."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

ராயப்பன் மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். இவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளின் கழுத்தைப் பார்த்தார். அங்கே தாலி இல்லை. கதவைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம பூட்டியோன்னு பயந்துட்டேம்மா."

அந்த மனிதருக்கும் பயம் வரும் என்று ஜெகதீசன் அதுவரை நினைத்ததே இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சொல்லாம கூட்டிகினு போவ மாட்டேன் சார். உங்களக் கேக்கத்தான் இருந்தேன். ஹெலினாவ எனக்குக் குடுங்க."

ராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் ஊறிய மாலைகளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. அவங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துரு" என்றார். "இந்த வண்டியில வராத. பஸ்ல வா."