தழும்பு விழுந்த பேஸ் கிட்டார்

1. அம்மிக்கல்

பேஸ் கிட்டாரில் நாலு ஸ்ட்ரிங்தான். அதனால்தான் அந்த ரிப்பேரில் இறங்கினேன். ஆறு ஸ்ட்ரிங் என்றால் இன்னும் ரெண்டுக்குக் குழம்ப வேண்டும். எட்டாம் வகுப்பில் என்னை ஃபெயில் போட்ட கணக்கு வாத்தியார் இதைக் கேட்டால் தலையாட்டுவார்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மீன் வலைக் கடைக்குப் பக்கத்தில் என் கிட்டார் ரிப்பேர் கடை. 2008-இல் ஒருநாள் சகாயம் வந்தான். சிதம்பரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி குழுவில் பேஸ் வாசிப்பவன். தோளில் தொங்கிய கிட்டாரை மேஜையில் வைக்கவில்லை, போட்டான்.

"மச்சான், முடியல. ரெண்டு பாட்டு நின்னா தோள்பட்டை கழண்டு போவுது."

ஒரே கட்டையில் செதுக்கிய பேஸ். அம்மிக்கல்லுக்கு வார் கட்டின மாதிரி இருக்கும்.

"உங்க குழு மாஸ்டர் என்னா சொல்றாரு?"

"வடலூர் கல்யாணத்துல முழு புரோகிராமும் நின்னு வாசி, இல்லன்னா கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கறேன்னுட்டாரு. ரெண்டு பொண்ணு படிக்குது. எனக்கு வேற என்னா தெரியும் மச்சான்?"

"என்கிட்ட போய் கேக்கற பாரு. எனக்கு இதுவே தெரியாது."

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிலைமை எனக்குப் புரிந்தது.

அவனுக்கு வேண்டியது கனமில்லாத பேஸ். அழுத்தாமல் வாசிக்கிற மாதிரி வேண்டும். அதற்கு ஃப்ரெட்லெஸ்தான் சரி. சாதாரண கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பி பதித்திருக்கும். அதுதான் ஃப்ரெட். விரலை எங்கே வைத்தாலும் அது சுருதியைக் காப்பாற்றிவிடும். ஃப்ரெட்லெஸ்ஸில் வெறும் மரம்தான். லேசாய் வைத்தால் போதும், கமகம் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் விரல் ஒரு நூல் தள்ளினாலும் ஊரே திரும்பிப் பார்க்கும்.

2. பார்த்தது ரெண்டு

முதலில் பாண்டிச்சேரியில் ஒன்று பார்த்தோம். உள்ளே முழுக்கக் காலியான ஹாலோ பாடி. கோழி இறகு மாதிரி கனம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனதும் கன்றைத் தேடும் மாடாட்டம் கத்தியது. கல்யாண மேடையில் ஸ்பீக்கரை விட்டு எங்கே ஓடுவது? வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்தது சிதம்பரத்தில் ஒரு வீடு. இதுவும் ஃப்ரெட்லெஸ்தான், ஆனால் செமி ஹாலோ. நடுவில் கட்டை ஓடும், ரெண்டு பக்கமும் காலி. கனமும் குறைவு, கத்தவும் கத்தாது. வாசித்தவர் முந்தின வருஷம் இறந்துவிட்டார். அவர் மனைவி கதவைத் திறந்தார். பட்டப்பகல், வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான். கிட்டார் கூடத்துச் சுவரில் தொங்கியது.

"வாசிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன் தம்பி" என்றார் அந்த அம்மா.

சுவரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

நான் ஃபேனைப் பார்த்தேன். கரன்ட் இல்லை.

"நான் பேசுனா அது அப்படித்தான் முனகும். பயப்படாதீங்க."

மறுபடி முனகல். உள்ளே காலியான மரம், குரல் பட்டால் அதிரும், ஸ்ட்ரிங்கும் கூட அதிரும். இது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். அதனால் நானும் பேசிப் பார்த்தேன். இருமினேன். சகாயம் அவனுடைய சர்ச் பாட்டையே பாடினான். அது வாயே திறக்கவில்லை.

இறக்கி அவன் தோளில் மாட்டினோம். பேஸ் வாங்கும்போது வாரில் மாட்டிவிட்டு ரெண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். கழுத்துப் பக்கம் கீழே சாய்ந்தால், அதைத் தாங்கியே இடது தோள் போய்விடும். இது சாயவில்லை. வெறும் கையோடு நின்றவனின் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்திருப்பார், விலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

விரல் ஓடும் பலகையான ஃபிங்கர்போர்டைச் சாய்த்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மரத்தில் சின்னச் சின்னக் குழிகள், பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. வருஷக்கணக்காய் ஒருவர் அழுத்தி அழுத்தி விழுந்த தழும்பு. சொன்னால் சகாயம் வேண்டாம் என்பான். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லவில்லை.

3. என் புத்திசாலித்தனம்

இந்த மாதிரி கிட்டாரில் ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் பிடிக்கும் பிரிட்ஜை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்க மாட்டார்கள். ஸ்ட்ரிங்கின் அழுத்தத்திலேயே நிற்கும். அதனால் ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நாலையும் சேர்த்துக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும், நின்ற இடமும் தெரியாமல் போய்விடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம்.

நான் நாலையும் கழற்றினேன். அன்று வெள்ளிக்கிழமை. கைமாறி வந்த சாமானை மேலிருந்து கீழ்வரை துடைத்து, பாலிஷ் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பது என் கடை வழக்கம். பிரிட்ஜ் மடியில் விழுந்தது. அது நின்ற இடத்து அழுக்குக் கோட்டையும் பாலிஷ் துணியால் நானே பளபளவென்று அழித்தேன்.

அதனால் என்ன என்று நினைத்தேன். கழுத்தின் ஓரத்தில் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளிக்கு நேராய் விரல் வைத்தால் சரியான சுரம் வர வேண்டும். சுருதி காட்டும் ட்யூனரை வைத்து, புள்ளிக்குப் பொருந்துகிற மாதிரி பிரிட்ஜை நிறுத்தினேன். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கிக் கழுத்தை நேராக்கினேன். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் போட்டு, உயரத்தைக் குறைத்தேன். ஊதினால் வாசிக்கும் போல இருந்தது. என் முதுகை நானே தட்டிக்கொடுக்கப் பார்த்தேன். தொப்பை விடவில்லை.

சிதம்பரத்தில் ரிகர்சல், நானும் போயிருந்தேன். முதல் பாட்டு பாதி கூடப் போகவில்லை, மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"யாருய்யா அது, ஏறி நிக்கிறது?"

எல்லோரும் சகாயத்தைப் பார்த்தார்கள். மறுபடி வாசித்தான். மறுபடி சுருதி ஏறியே நின்றது.

"நாளன்னிக்குக் கல்யாணம் சகாயம். சுருதியில நில்லு, இல்ல மேடைய விட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போனார்.

நான் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "புள்ளியப் பாத்து வைடா."

"பாத்துதான் வைக்கறேன் மச்சான். வெரல் நவுந்துடுது."

கவனித்தேன். விரல் புள்ளிக்கு நேராகத்தான் இறங்கியது. பிறகு, மெதுவாக, எறும்பு ஊர்கிற மாதிரி பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. அடுத்த சுரம், அடுத்த குழி. சகாயம் தன் கையை, பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிட்டாரை வாங்கி நானும் வைத்துப் பார்த்தேன். என் விரல் வைத்த இடத்திலேயே கிடந்தது. செத்தவருக்குக்கூட என் வாசிப்பு பிடிக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அவர் பிரிட்ஜை வேறு எங்கோ வைத்து வாசித்திருக்கிறார். குழிகள் அந்தக் கணக்குக்கு விழுந்தவை. புள்ளியை மறந்தேன். ஒரு குழியில் விரலை வைத்து, ட்யூனர் சரி என்று காட்டும்வரை பிரிட்ஜைப் பின்னால் நகர்த்தினேன். அடுத்த குழியைப் பார்த்தேன், சரி. அதற்கடுத்ததும் சரி. எந்த அளவுகோலும் ஒத்துக்கொள்ளாத இடத்தில் பிரிட்ஜ் நின்றது. எல்லாக் குழியும் சுத்தமாய்ப் பேசியது. 

மாஸ்டர் வந்தார். பாட்டு முடியும்வரை கையைத் தூக்கவில்லை. முடிந்ததும், "ம்" என்றார்.

4. வடலூர்

கல்யாணத்துக்கு நானும் கூடப் போனேன். சகாயம் முழு புரோகிராமும் நின்று வாசித்தான். நடுவில் ஒரு பாட்டில், யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு ஓட்டம் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஏறி வந்தது. பாடுகிற பெண் வரியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

இறங்கியதும் மாஸ்டர் கேட்டார். "எங்கய்யா புடிச்ச அத? சரி சரி, அடுத்த மாசம் தேதி எல்லாம் குறிச்சிக்க."

பந்திக்குப் போகும் வழியில் எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். கொதிக்கிற எவர்சில்வர் டம்ளர். நான் துண்டைச் சுற்றியும் பிடிக்க முடியாமல் கீழே வைத்தேன். சகாயம் இடது கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான்.

"சுடலியாடா?"

அவன் டம்ளரைப் பார்த்தான். சட்டென்று வலது கைக்கு மாற்றி, உடனே 'ஸ்ஸ்' என்று கீழே வைத்தான்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிடாத மச்சான். வலி தோள்லேந்து எறங்கி, இந்தக் கை வெரல் எல்லாம் மரத்துப் போச்சு. ஊசி குத்துனாலும் தெரியாது. தெரிஞ்சா தூக்கிடுவாங்க."

"அப்ப எப்புடிடா வாசிச்ச? குழியத் தடவித்தான் புடிக்கறேன்னு நெனச்சேன்."

"எந்தக் குழி?" என்றான்.

அன்று நான் பந்தியில் பாயசம்கூட ரெண்டாவது தடவை கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

5. சர்வீஸ்

அடுத்த வருஷம் ஸ்ட்ரிங் மாற்ற வந்தான். முகூர்த்தம் ஒன்று விடாமல் வாசித்திருக்கிறான். தோள் தேவலை, விரல் அப்படியேதான்.

"என் தழும்பு எதுனா விழுந்துருக்கா, பாத்துச் சொல்லு" என்றான். ஆசையாகத்தான் கேட்டான்.

வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அழுத்தி வாசிக்கிற பழக்கம் அவனை இன்னும் விடவில்லை. ஒரு வருஷத்தில் சின்னதாக ஒரு கீறலாவது விழ வேண்டும். புதுசாய் ஒன்றும் இல்லை. பழையவை கொஞ்சம் ஆழமாகியிருந்தன.

"ஒண்ணும் இல்லடா" என்றேன்.

அவன் தன் இடது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான் எங்கதான் வாசிக்கிறேன் மச்சான்?"

ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாக மாற்றினேன். பிரிட்ஜை மூச்சுக்காற்று படாமல் விட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதுசாய் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிரிட்ஜில் கை வைப்பதற்கு முன் பென்சிலால் கோடு போடுங்கள். அது யார் கைக்காக அங்கே நிற்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் அன்றைக்குக் கடையைச் சாத்திவிடுங்கள்.