ஐந்து ஒன்பது ஒன்பது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதிலும் ஹாம் ரேடியோவில் பொய் ரிப்போர்ட் கொடுப்பவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. நாம் அனுப்புவது எப்படிக் கேட்கிறது என்று எதிர்முனையில் இருப்பவர் மூன்று எண்களில் சொல்ல வேண்டும். ஐந்து ஒன்பது ஒன்பது என்றால் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். பாதிப் பேர் ஒரு எழவும் கேட்காவிட்டாலும் மரியாதைக்கு அதையே தட்டிவிட்டுப் போவார்கள், கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைப் பிரமாதம் என்பது மாதிரி. இதைப் பற்றி வாய் கிழியப் பேசியவன் நான்.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கரண்ட் வேலை பார்க்கிறேன். என் கூட்டாளி கீழே பாச்சலூரில் காப்பியும் மிளகும் போட்டிருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அண்ணன். லைசென்ஸ் பரீட்சையைச் சேர்ந்துதான் எழுதினோம். கடையில் விற்கிற செட் இரண்டு பேரிடமும் கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், கையால் சுற்றிய கம்பிச்சுருள், எல்லாம் ஒரு மீன் டின்னுக்குள் அடக்கம். டார்ச் பல்புக்குப் போகிற பவர்கூட அதற்குக் கிடையாது. குரலை அனுப்ப முடியாது. மோர்ஸ் கீயைத் தட்டித் தட்டி, புள்ளியும் கோடுமாக எழுத்துகளைத்தான் அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டதும் உட்காருவோம். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவோம். அவர் எப்போதும் 'ஏலே' என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டினார். என்னிடம் மட்டும் பழையபடி பேசினார். கீயில் அதே வேகம், 'ஏலே'யில் அதே அதட்டல். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. ஹெட்போனில் வெறும் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ அவர் கை தட்டுகிற தாளம் தெரிந்தது. எப்படிக் கேட்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார், அது மட்டும் பிடிபட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் அந்த உடம்போடு மழையில் இறங்கி ஏரியல் கம்பியை நோண்டுவார், அவர் அப்படிப்பட்ட ஆள். ஐந்து ஒன்பது ஒன்பது என்று தட்டினேன்.

அதை நம்பி அவர் அனுப்ப ஆரம்பித்தார். இருபது நிமிஷம் நிறுத்தவேயில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், நாலு வார்த்தைதான் தேறியது. முடித்ததும் எல்லாம் வந்ததா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். வந்தது என்று தட்டினேன். அடுத்த ஞாயிறு நயமாக மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போனபோது கொல்லையில் சில்வர் ஓக் கிளை முறிந்து, ஏரியல் கம்பி சேற்றில் கிடந்தது. எல்லாரும் போன பிறகு அண்ணன் சம்சாரம், எனக்கு மதினி, உள்ளேயிருந்து சிலேட்டை எடுத்து வந்து காட்டினார். 'உங்கிட்ட எழுத எனக்குக் கை வரல. அவங்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அவன் சொல்லுவான்' என்று எழுதியிருந்தது.

"அழிக்காம வச்சிருக்கேன். என்ன சொன்னாரு தம்பி?"

ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஒரு பொய்யே போதும் என்று தோன்றியது.

"எனக்குக் கேக்கல மதினி. ஒண்ணுமே சரியாக் கேக்கல."

அவர் சிலேட்டைத் திருப்பி மறுபடி படித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நல்லாக் கேக்குதுன்னு நீங்க சொன்னதா எழுதிக் காட்டினாரே. அதுக்குப் பெறகுதான் கஞ்சியே குடிச்சாரு."

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நோட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். மேலே 'ஏலே'. நடுப்பக்கத்தில் 'அவ', கொஞ்சம் தள்ளி 'பாவம்'. அடியில் 'சொல்லிரு'. மதினி அதை மடியில் விரித்து வைத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல இம்புட்டு எடம் வெறுமனே கெடக்கே தம்பி" என்றார்.