படத்துக்குள் இரைந்த கடல்

சுனாமிக்கு முதல் நாள், நத்தார் பின்னேரம், நானும் மனைவியும் ஒரு பழைய ஹொலிவூட் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவனைச் சுட்டதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணொருத்தியின் கதை. பாதியில் கரண்ட் போய்விட்டது.

“அவள் சுட்டிருக்க மாட்டாள்,” என்றாள் மனைவி.

“அவள்தான் சுட்டவள். மூஞ்சியிலயே எழுதியிரிக்கு.”

“நாளைக்கு மிச்சத்தப் பாப்பம். நீங்க தோக்கத்தான் போறீங்க.”

மறுநாள் காலை கடல் வந்தது. வீட்டையும் அவளையும் கொண்டுபோனது. நான் சந்தைக்குப் போயிருந்ததால் மிஞ்சினேன்.

வடக்கில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த மாதங்களில், நகரத்து சீடிக் கடையொன்றில் அதே படம் கிடைத்தது. அப்போது சுனாமி வீட்டுத்திட்டத்தில் தனியே இருந்தேன். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் “நூறு வயசு” என்று வாழ்த்துவார்கள், அப்படிச் சுவர்கள். மனைவி வென்றாளா தோற்றாளா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன படம் அது! ஜன்னல் சட்டங்களின் நிழல் அந்தக் கதாநாயகியின் முகத்தில் கோடு கோடாக விழுகிறது. பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. எங்களுக்கு அது குப்பி விளக்கில் சும்மா கிடைத்தது. அவர்கள் செலவழித்துச் செய்திருக்கிறார்கள். அவள் சிகரெட்டைப் பற்றவைக்கும்போது, பொய் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தும் நம்பத் தோன்றியது.

கடைசிக் கட்டம். புயலில் அவள் இறங்குதுறைக்கு ஓடுகிறாள். வசனம் பிடிபடவில்லை, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அலை ஹோவென்று இரைந்தது.

“கடல் வருகுது! ஓடுங்க!” பக்கத்து வீட்டிலிருந்து அலறல்.

நான் யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் யாரும் யோசித்து ஓடியதில்லை. ஓடும்போது எடுக்கவென்று கதவடியில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டைப் பையை மறந்தேன், செருப்பை மறந்தேன், சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பறந்தேன். பிள்ளை தூக்கிய பெண்களையும் முந்திவிட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். ஊரில் உயரமான இடமான பாலத்தில் ஏறித்தான் நின்றேன்.

“நீங்களும் கேட்டீங்களா அண்ணன்?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, மூச்சு வாங்க.

“என்ர காதால கேட்டன் தங்கச்சி! வாசலுக்கு வந்திட்டுது!”

“உங்கட ஊட்டுப் பக்கத்தாலதான் இரைஞ்சது. அதென்ன கையில?”

பார்த்தேன். ரிமோட்.

“அட அறுவானே! டீவீக் கடலுக்கா எங்கள ஓட வெச்ச?” என்றார் அவளுடைய மாமியார். பாலமே சிரித்தது. நானும் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

திரும்பி வந்தபோது படம் முடிந்து, திரை நீலமாய்க் கிடந்தது. பின்னுக்கு ஓட்டி, சத்தத்தைக் குறைத்து, மிச்சத்தைப் பார்த்தேன்.

சுட்டது அவள்தான். பொலிஸ்காரனிடம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

வென்றுவிட்டேன். பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். மனைவி இலேசில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆளில்லை. அவளுக்காகப் பேச ஆளில்லாததால் நானே தொடங்கினேன்: பொலிஸ்காரன் மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது, துப்பாக்கி இழுபறியில் வெடித்திருக்கலாம், அந்தக் கணவனும் சுடப்பட வேண்டியவன்தான். இருட்டும்வரை வாதாடினேன். மறுத்துப் பேச யாருமில்லாததால் அவளே வென்றாள்.