ரெஜிக்காகக் காமயகவுண்டன்பட்டி வரை

எண்பதுகளில் ஒரு வைகாசி மாதம், முகூர்த்த நாளில், தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். விவரம் தெரிந்த யாரும் செய்யாத காரியம். ஆனால் ரெஜி இறந்துவிட்டார் என்று அன்று காலைதான் ரேடியோவில் சொன்னார்கள்.

ரெஜி ஓர் இங்கிலீஷ் ராக் குழுவின் டிரம்மர். மதுரைக் கல்லூரி விடுதியில் ஓர் இசைத்தட்டில் அவர் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டேன். அடி விழப்போகிறது என்று எல்லோரும் காத்திருக்கும் இடத்தில் கையை நிறுத்திக்கொள்வார். நமக்கு மூச்சு முட்டும். அதன் பிறகுதான் அடி விழும். அந்த நிறுத்தத்துக்காகவே வருடக்கணக்கில் கேட்டேன். தேனியில் வங்கி வேலைக்கு வந்த பிறகு இதையெல்லாம் பேச ஆள் இல்லை. "எவனோ ஒரு வெள்ளைக்காரன் செத்ததுக்கா லீவு போடப் போறீக?" என்று என் மனைவி சிரித்தாள். "சொந்தக்காரரா?" என்று மேனேஜர் கேட்டார். ரெஜி யார் என்று விளக்கினேன். அவரும் சிரித்தார்.

ரெஜியைத் தெரிந்த இன்னொருவன் கம்பத்தில் இருந்தான். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வம்; இப்போது திராட்சை வியாபாரம். எங்கள் ஒரே இசைத்தட்டும் அதைப் போடும் பெட்டியும் அவன் வீட்டில்தான் இருந்தன. இருவரும் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று கல்யாணக் கூட்டத்தில் ஒற்றைக் காலில்தான் நின்றேன். சின்னமனூரில் கூரை மேல் வாழைத்தார் ஏற்ற பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"அண்ணே, எப்ப எடுப்பீக?"

"தார் ஏத்தணும்ல? அவசரம்னா இறங்கி நடங்க" என்றார் கண்டக்டர்.

உத்தமபாளையம் தாண்டி டயர் பஞ்சர். கம்பத்தில் இறங்கியபோது மூன்று மணி நேரம் போயிருந்தது.

செல்வத்துக்குச் செய்தி தெரியாது. கேட்டதும் கடைத் தராசை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திராட்சைப் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"ரெக்கார்டப் போடுவோம்டா" என்றேன்.

"கரண்டு இல்லையே, காலைலருந்து கட்டு" என்று கழுத்தைச் சொறிந்தான். "ரெக்கார்டும் இங்கன இல்ல. கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுற காமயகவுண்டன்பட்டி ரேடியோ செட் பாண்டி கேட்டாரு, குடுத்துட்டேன்."

"ரேடியோ செட்டுக்காரருக்கு எதுக்குடா ரெஜி?"

"பாட்டுக்கில்லடா. புது ஸ்பீக்கர் வாங்கிருக்காரு. இதப் போட்டுப் பாத்தாத்தான் கிழியுதா இல்லையானு தெரியுமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைவாசலிலேயே கத்தினேன். அவன் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு டவுன் பஸ் ஏறினான். ஐந்தாறு கிலோமீட்டர்தான்; அவன் முன்படியில் நின்றான், நான் பின்படியில் நின்றேன்.

பாண்டி ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. இசைத்தட்டின் உறையில் சந்தனக் கறை. தட்டில் நீளமாக ஒரு கீறல்.

"பத்திரமாத்தான் சார் இருக்கு" என்றார் பாண்டி. விஷயத்தைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார். "கம்பத்துல கரண்டு வர்றது எப்பவோ. இங்கன ஜெனரேட்டர் ஓடுது, இங்கனயே போடுறேன். செத்ததப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீக. கல்யாண வீடு."

முள்ளை வைத்தார். ரெஜியின் டிரம்ஸ் திராட்சைப் பந்தல்களுக்கு மேலே தகர டப்பாவைத் தட்டுவது போலப் போயிற்று. பாதி ஓசை குழாயிலேயே செத்துவிட்டது. ஆனால் அந்த நிறுத்தம் வந்தது. செட்டு கெட்டுப்போனதோ என்று பந்தியில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அடி விழுந்தது. செல்வம் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கரண்டியோடு பெண்ணின் அம்மா வந்தார். "ஏலே பாண்டி, என்னலே இது எழவு வீட்டு மேளமாட்டம்? யாரு செத்தா?"

பாண்டி என்னைப் பார்த்தார். பொய் சொல்லும் தெம்பெல்லாம் சின்னமனூரிலேயே தீர்ந்திருந்தது எனக்கு.

"இத வாசிச்சவருதாம்மா. எனக்கு அண்ணன் மாதிரி. இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

அடி விழும் என்றே நினைத்தேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கேதம் கேட்டுத் தல முழுகுனீகளா?"

"இல்லம்மா."

"சாவுத் தீட்டோட, முழுகாமயா பந்தல்ல வந்து நிக்கிறீக? பின்னால கெணத்துல இஞ்சின் ஓடுது, முழுகிட்டு வாங்க. வந்து சாப்டுட்டுத்தான் போகணும்." பாண்டி பக்கம் திரும்பி, "நீ அத நிறுத்திட்டு நல்ல பாட்டாப் போடு" என்றார்.

தொட்டியில் தண்ணீர் சில்லென்று விழுந்தது. செல்வம் முழுகி எழுந்தான், மறுபடியும் முழுகினான். மூன்றாம் முறை எழுந்தபோது அழுதுகொண்டிருந்தான். காலையிலிருந்து ரெஜி யார் என்று ஊருக்கெல்லாம் விளக்கி எனக்கு அலுத்திருந்தது. அந்த அம்மாவுக்கு அந்த விளக்கமே தேவைப்படவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: முகூர்த்தம் இல்லாத நாளாகப் பாருங்கள், விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். இசைத்தட்டை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். நாங்கள் சொட்டச் சொட்ட ஈரச் சட்டையோடு பந்தியில் உட்கார்ந்தோம். பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்; ஏன் என்று கேட்கவில்லை.