தொட்டியைக் காலி செய்த மாமா

எங்க மாமாவின் ப்ராஸ்டேட் சுரப்பிக்கு ஈடாக இந்த ஏழு கண்டத்திலும் இன்னொன்று கிடையாது. மற்றவர்களுக்கு அது நெல்லிக்காய் அளவாம். மாமாவுடையதற்குத் தனியாக ஒரு வீட்டு எண்ணே கொடுக்கலாம்.

மாமா குழாய் வேலைக்காரர். இந்த வட்டாரத்தில் அவர் கை வைக்காத குழாய் இல்லை. அவருக்கே சொட்டுச் சொட்டாய்ப் போகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் ரெஞ்சு பறந்து வரும்.

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. சுரப்பி எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். மூத்திரப் பாதை வழியாகவே கருவி விட்டுக் குடைந்து எடுக்கலாம். ரொம்பப் பெரிதென்றால் வயிற்றைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் மாசக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது. தொட்டி தூக்காத குழாய்க்காரரை எவன் கூப்பிடுவான்? அன்றிலிருந்து வீட்டில் யார் தும்மினாலும் மாமாவுக்குக் கோபம்.

"மூத்திரம் முட்டிக்கிட்டு இருக்கணும் சார், அப்பதான் படம் தெரியும்" என்று ஸ்கேன் அறை அக்கா படித்துப் படித்துச் சொன்னார். துணைக்குப் போன என் எதிரிலேயே மாமாவும் வயிறு உப்பக் குடித்தார். கூப்பிட்டதும் நேரே கழிவறைக்குப் போய்விட்டு வந்து படுத்தார்.

"என்ன சார், மூத்திரப் பையில ஒண்ணுமே இல்லையே?"

"லைனைச் சோதிக்கறதுக்கு முன்னாடி தொட்டியைக் காலி பண்றதுதானம்மா முறை."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இங்க நிறைஞ்ச தொட்டிதான் சார் வேணும். போய் மறுபடி குடிங்க."

மறுபடி பெஞ்சு, மறுபடி தண்ணீர். "எனக்கே தொழில் கத்துத் தர்றா" என்று முனகிக்கொண்டே மாமா கழிவறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இவரை நம்ப முடியாது. நோட்டுத் தாளில் 'பழுது' என்று எழுதி அந்தக் கதவில் ஒட்டினேன். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். குழாய்க்காரர் கண்ணில் 'பழுது' பட்டால் சும்மா விடுவாரா? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஆளுக்குச் சொல்லியிருக்காங்க மாமா, நீங்க உக்காருங்க."

"வர்றவன் கிழிப்பான். வாஷர் மாத்தவே தெரியாது அவனுங்களுக்கு."

கையைப் பிடித்துத் தொங்கினேன். அதற்குள் அக்கா கூப்பிட்டார், நான் பிழைத்தேன்.

இந்த முறை டாக்டரே திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, நடுப்பகுதி பைக்குள்ள முட்டிக்கிட்டு வாயை அடைக்குது."

மாமா உற்றுப் பார்த்தார். "தொட்டியில மிதவைப் பந்து குழாய் வாயில உக்காந்த மாதிரி."

"அதேதான். பெரிசுதான், ஆனா பாதை வழியாவே எடுத்துடலாம். கிழிக்க வேண்டாம்."

"தொட்டி தூக்கலாமா?"

"சில வாரம் பொறுங்க, அப்புறம் தூக்குங்க. இப்ப ஒண்ணுக்குப் போய்ட்டு வாங்க. மிச்சம் எவ்வளவு தங்குதுன்னு பாக்கணும்."

மாமா மெதுவாக வெளியே வந்தார். கழிவறைக் கதவருகே வந்ததும் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா காலை மாத்தி மாத்தி நிக்கற?"

"சும்மா மாமா."

"நான் குடிச்ச ஒவ்வொரு டம்ளருக்கும் நீயும் ஒரு டம்ளர் குடிச்சதைப் பாக்கலன்னு நினைச்சியா? காலையிலேர்ந்து நீ ஒரு தடவைகூடப் போகல."

"தாகம் மாமா."

"தாகமாம்." நான் ஒட்டிய 'பழுது' தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "முதல்ல நீ போ. நான் பழகினவன்."