பாயிண்ட் பதினாறு

வண்டி மூன்றாவது முறையாக நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, சாங்கி ரோடு ஏற்றத்தில். மல்லேஸ்வரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முந்தைய இரண்டு முறையும் ஏறக்குறைய இதே கணக்குதான்: பத்தொன்பது நிமிடம், இருபத்தொரு நிமிடம். என்ஜின் முதலில் இழுக்க மறுக்கும், பிறகு இருமும், பிறகு நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"ஏன் மேடம், மியூசியத்துல கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?"

சொல்லிவிட்டு அவரே இறங்கி வந்து ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தார். "ஹேண்ட்பிரேக்காவது பிடிக்குமா?"

"பிடிக்கும். அது நான் வேலை பார்த்தது."

"அப்போ என்ஜினை வீட்ல வச்சுட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் ஓட்டிட்டு வாங்க" என்றபடி போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை ஆர்டிஓவில் இன்ஸ்பெக்‌ஷன். அன்று வண்டி தானே ஓடிப்போய் அங்கே நிற்காவிட்டால், வியாழக்கிழமை காயலான் கடை லாரி வந்து அதை எடுத்துப் போகும். என்னிடம் மூன்று நாள் இருந்தது.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் கதைதான். ஆனாலும் அளவு பார்ப்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்று இருக்கிறது.

1. பந்தயம்

கார் என் அண்ணனுடையது. பழைய பத்மினி. அவன் ஒயிட்ஃபீல்டுக்குக் குடிபோன பிறகு மூன்று வருடமாக எங்கள் வீட்டு காம்பவுண்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. கீழ் போர்ஷனை வாடகைக்கு விட ஏற்பாடானதும் அண்ணன் வந்தான்.

"விஜி, வர்றவங்களுக்குப் பார்க்கிங் வேணுமாம். இதைக் காயலான் கடைக்குச் சொல்லிடறேன்."

"எனக்குக் கொடுத்துடு அண்ணா. நான் ஓட வைக்கிறேன்."

"யாரு, நீயா? ஸ்கூட்டருக்குக் காத்து அடிக்கவே ஆள் தேடுவ."

"இருபத்தாறு வருஷமா மெஷின் பார்ட்ஸ்தானே பார்த்துட்டிருக்கேன்."

"பார்க்கிற. பூட்டுறியா?"

அதுதான் குத்தியது, ஏனென்றால் அது உண்மை. பீன்யாவில் ஒரு சிறிய டூல் ரூமில், அளவுக் கருவிகளுக்கு நடுவே, ஏசி அறையில் என் வேலை. மற்றவர்கள் செய்ததை அளப்பேன். 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' என்று சீட்டு ஒட்டுவேன். ஒரு பொருளையாவது என் கையால் பூட்டி ஓடவிட்டதில்லை. ஐம்பத்தொரு வயதில் அது உறுத்தத் தொடங்கியிருந்தது.

அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் இரண்டு மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும். "ஓடிப் போய்ப் பாஸ் ஆச்சுன்னா வண்டி உனக்கு, தெருவுல நிறுத்திக்கோ. இல்லன்னா மறுநாளே லாரி. நடுவுல அழுகை கிடையாது."

அன்றே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் என்ன செய்தேன், வலது பக்கம் என்ன ஆயிற்று.

2. மதியம் பன்னிரண்டு முதல் ஒன்று வரை

அன்வர் பாயின் கராஜ் காக்ஸ் டவுனில், ஒரு சர்ச்சின் பின்தெருவில். எங்கள் கேன்டீன் நடத்துபவர் சொல்லித்தான் போனேன். பாய்க்கும் என் வயதுதான் இருக்கும். ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து கால் மட்டும் தெரிந்தது. காலிடம்தான் விஷயத்தைச் சொன்னேன்: வேலை முழுவதும் நானே செய்வேன், அவர் எப்படி என்று சொல்ல வேண்டும்.

கால் இரண்டும் தரையை உதைத்தன. பிறகு ஆள் வெளியே வந்தார்.

"கார் உங்க வீட்ல. கை உங்களுது. நான் போன்ல பேசணும். அப்போ நான் என்ன அக்கா, ரேடியோவா?"

"கேட்டதைத் திரும்பக் கேட்க மாட்டேன் பாய். எல்லாம் எழுதி வச்சுக்குவேன்."

நோட்டை வாங்கிப் புரட்டினார். வீல் நட் எத்தனை, எதில் துரு, எந்த ஹோஸ் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று நான்கு பக்கம் இருந்தது. சிரித்தார். "பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் போன் எடுப்பேன், சாப்பாட்டு நேரம். மத்த நேரத்துல பேஜார் பண்ணக்கூடாது."

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவினேன். பிரேக் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள் எல்லாம் மாற்றினேன். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன். அதற்கான பிராக்கெட்டை வரைந்து, பீன்யாவில் தெரிந்தவரிடம் செய்து வாங்கினேன். வாங்கும்போது அளந்துதான் வாங்கினேன். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தேன். முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் போட்டேன். அன்வர் பாய் வாயில் சோற்றோடு சொல்வார், நான் கையில் கிரீஸோடு எழுதுவேன். ஒரு நாள்கூட அவர் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

கடைசியாக, டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள் இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கும். அவை திறந்து மூடும் வேகத்தில்தான் ஸ்பார்க் பிறக்கிறது. மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பாயிண்ட்'. நன்றாகத் திறந்திருக்கும்போது இரு முனைகளுக்கும் நடுவே சரியான இடைவெளி இருக்க வேண்டும்.

"பாய், புதுப் பாயிண்ட் மாட்டிட்டேன். கேப் எவ்வளவு வைக்கணும்?"

"பாயிண்ட் பதினாறு. எல்லாப் பத்மினிக்கும் அதான்."

எழுதிக்கொண்டேன்: 0.16.

இந்த மாதிரி இடைவெளியைப் பார்க்க ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. விசிறி போல விரியும் மெல்லிய இரும்பு இலைகள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். என் கேஜில் 0.16 இலை இல்லை. 0.10, 0.06 இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்தேன். இலை உரசிக்கொண்டு நுழைய வேண்டும், இறுகவும் கூடாது. நாலு முறை பார்த்தேன். வேறு யாரும் வீட்டில் இவ்வளவு துல்லியமாக வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கே தோன்றியது.

வண்டி ஸ்டார்ட் ஆனது. பத்தொன்பது நிமிடம் ஓடியது.

3. மூன்று டிக்

முதல் முறை நின்றபோது பெட்ரோல் பம்ப் என்று நினைத்தோம். பம்பைப் பிரித்து டயஃப்ரம் மாற்றினேன். இரண்டாம் முறை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் 'காயில்', கை வைக்க முடியாமல் கொதித்தது. காயிலையும் கண்டென்சரையும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அன்வர் பாய் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"பாயிண்ட் பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன் பாய். கொஞ்சம் குறைஞ்சிருந்தது, திரும்ப வச்சுட்டேன். பாயிண்ட் பதினாறு. கரெக்டா இருக்கு."

"அப்போ அது இல்ல. விடுங்க."

நோட்டில் அந்த வரிக்கு நேராக ஒரு டிக். சாங்கி ரோட்டுக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள் மதியம் போனில் இன்னொரு தடவை கேட்டார், நான் இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது டிக்.

4. வெள்ளைச் சட்டை

சாங்கி ரோட்டில் வண்டி நின்றதும், பன்னிரண்டு மணி வரை காத்திருக்காமல் போன் செய்தேன்.

"பாய், எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் இருக்குன்னு சொன்னீங்களே, பாயிண்ட்டே இல்லாதது. அதைக் கொடுத்துடுங்க. இன்னைக்கே மாட்டிடறேன்."

"இருக்கு. ஷெல்ஃப்ல ரெண்டு இருக்கு."

"அப்போ எடுத்து வைங்க. ஆட்டோ பிடிச்சு வரேன்."

"மாட்டினா ஓடும்னே வைங்க. இப்ப எதுனால நின்னுச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புதன்கிழமை ஆர்டிஓ கேட்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க, மூணாவது கிட் கேப்பீங்களா? இப்ப எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

நாற்பது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், அத்தர் வாசனை.

"மச்சான் வீட்ல நிச்சயம். எல்லாரும் பந்தியில உக்காரும்போது நான் இங்க நிக்கிறேன். சீக்கிரம் மூடியைத் திறங்க."

திறந்தேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அக்கா, இதுல முடி நுழையக்கூட இடம் இல்லையே."

"பாயிண்ட் பதினாறு பாய். காலையில நானே வச்சேன்."

"இது பதினாறா? ஆறுகூட வராது." தன் பையிலிருந்து கேஜை எடுத்து, 16 என்று பொறித்த இலையைத் தள்ளிப் பார்த்தார். நுழையவே இல்லை. "உங்களுது காட்டுங்க."

0.10, 0.06 இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். என் இலைகளைப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார். அவருடையது ஏறக்குறைய விசிட்டிங் கார்டு அளவு தடியாக இருந்தது.

"எந்தப் பதினாறு இது?" என்றார்.

அந்தக் கேள்வியில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய பதினாறு 'தௌ'. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு தௌ. பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. பதினாறு தௌ என்றால் 0.406 மில்லிமீட்டர். அவர் 'பாயிண்ட்' என்று சொன்னது அந்த இரண்டு முனைகளை. எங்கள் அறையிலோ தசமத்துக்கு முன்னால் இருக்கும் சைபரை யாரும் சொல்வதில்லை; 0.25 என்றால் 'பாயிண்ட் இருபத்தஞ்சு'. எனவே 'பாயிண்ட் பதினாறு' என் காதில் 0.16 மில்லிமீட்டராக விழுந்தது. முனைகள் போதுமான அளவு திறக்காமல் காயில் கொதித்து, ஸ்பார்க் நலிந்து, இருபது நிமிடத்தில் வண்டி செத்துப்போனது. இருவரும் ஒரே வார்த்தையை மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் சரி என்றோம்.

அவருக்கும் புரிந்துவிட்டது. வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அரே அக்கா, கேஜ் இல்லாதவன் விசிட்டிங் கார்டைச் சொருகியே கரெக்டா வச்சிடுவான். நீங்க ரெண்டு இலையைச் சேர்த்து வச்சு, துல்லியமா தப்பு பண்ணியிருக்கீங்க."

"மன்னிச்சுக்குங்க பாய்."

"மன்னிப்பு எதுக்கு? பாதித் தப்பு என்னுது. தௌன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. மூணு வாட்டி கேட்டேன், எந்த இலைன்னு ஒரு வாட்டி கேக்கல." தன் 16-ஆம் இலையை நீட்டினார். "நீங்களே வைங்க. எனக்கு வெள்ளைச் சட்டை."

நான் வைத்தேன். கேப் மாறினால் ஸ்பார்க் விழும் டைமிங்கும் மாறும் என்று, பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்டபடி டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பினார். சத்தம் ஒரு இடத்தில் தெளிந்தது. அங்கேயே இறுக்கச் சொன்னார். மணிக்கட்டுப் பக்கம் சட்டையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பார்த்தார், கையை இன்னொரு மடிப்பு மடித்து அதை மறைத்தார்.

"பந்தி முடிஞ்சிருக்கும். எலும்புதான் மிச்சம்" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

அன்று சதாசிவநகரைச் சுற்றிச் சுற்றி ஐம்பத்தைந்து நிமிடம் ஓட்டினேன். வண்டி நிற்கவில்லை. நோட்டின் வலது பக்கத்தில் அதை எழுதும்போதுதான் அழுதேன். அண்ணன் அங்கே இல்லை.

5. புதன்

இன்ஸ்பெக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார், லைட் போடச் சொன்னார், ஓட்டி பிரேக் பிடிக்கச் சொன்னார். சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு கெல்சா மாடித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். வேலை செய்தது யார் என்று.

"நானே சார்" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவன், தோளருகே பெல்ட்டைப் பார்த்தான்.

"இது எப்ப வந்தது?"

"நான்தான் போட்டேன். மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்து லாரிக்காரரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றான்.

6. எழுதாமல் விட்டது

நாங்கள் அளக்கும் ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும், எல்லா அளவும் மில்லிமீட்டரில் என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரி இருபத்தாறு வருடம் என்னைக் காப்பாற்றியது. அது காப்பாற்றுகிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வரி இல்லாத இடத்துக்குப் போனபோது, வெறும் எண்ணை எழுதிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அறை ரிஜிஸ்டரில் இப்போது போனில் கேட்டு எழுதும் அளவுகளுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. அலகு எழுதாமல் அதில் எண் எழுதக்கூடாது. சொன்னவரிடம் அலகோடு திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் டிக். கெடுபிடி என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். இதற்கு அப்புறமும் முணுமுணுக்கலாம், பத்தியை நிரப்பிவிட்டு.

நோட்டில் அந்த 0.16-ஐ நான் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், 'எந்தப் பதினாறு? - அன்வர் பாய்' என்று மட்டும் எழுதி வைத்தேன். அன்று அவர் கிட்டை விற்றிருந்தால் வண்டி ஓடியிருக்கலாம், நானும் நன்றி சொல்லியிருப்பேன். என் தப்பு என்னிடமே தங்கியிருக்கும். அதை எடுத்துக் கொடுக்க ஒருவர் நிச்சயதார்த்தப் பந்தியை விட்டுவிட்டு வந்தார். இரண்டு கிட்டும் இன்னும் அவர் ஷெல்ஃபில்தான் இருக்கின்றன.

போன வாரம் ஸ்பார்க் பிளக் மாற்றினேன். மதியம் பன்னிரண்டு ஐந்துக்குப் போன் செய்தேன்.

"பாய், பிளக் கேப் எவ்வளவு?"

"இருபத்தஞ்சு" என்றார். மெல்லும் சத்தம் நின்றது. "தௌ. தௌ அக்கா. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். இருபத்தஞ்சு தௌ. சைபர் பாயிண்ட் ஆறு மூணு அஞ்சு மில்லிமீட்டர்."

"ஆமா" என்றார். அதன் பிறகுதான் டிக் போட்டேன்.