வழுக்கும் முன் நின்ற தீப்பொறி

இயற்பியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாலும் பிரசங்கத்தில் பிசாசு வருகிற இடத்தில் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். எனவே உங்களுக்கு வரப்போகும் சந்தேகம் எனக்குப் புதியதல்ல. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே மூடி வைத்திருப்பேன். இந்த விஷயம் தெரிந்த இன்னொருவர் என் மனைவி ரூபி. சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். இப்போது இது என் ஒருவனிடம் மட்டும் இருக்கிறது. அப்படி இருப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர். என் தம்பி சீலன் தாண்டிக்குடியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சாயந்திரம் பண்ணைக்காடு வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை வெள்ளனே திரும்பிவிடுவான். அவன் வருவது வாசலுக்கு வருமுன்பே தெரியும், ஏனென்றால் அவன் வைத்திருந்த வண்டி அப்படி: இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஆக்ஸிலேட்டரைப் பாதி திருகும்வரை பசுமாடு மாதிரி வரும், அதற்கு மேல் ஒரு நூல் திருகினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இப்போது வருகிற பெரிய மோட்டார் சைக்கிள்களில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம், வழுக்கினால் அதுவே உணர்ந்து அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதாம். அன்றைக்கு மனிதனுடைய வலது மணிக்கட்டுதான் எல்லாம்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோடை விடுமுறையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி செய்தேன். இரண்டு சக்கரத்திலும் ஒரு காந்தம், அதன் பக்கத்தில் ஒரு கம்பிச்சுருள். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், அதாவது வழுக்கினால், பெட்டி ஒரு கணம் என்ஜினுக்குப் போகிற தீப்பொறியை வெட்டிவிடும். என்ஜின் 'டுப்' என்று மூச்சை விழுங்கிவிட்டு மறுபடி ஓடும். சீலன் சில வாரம் அதை மாட்டிக்கொண்டு ஓட்டினான். பிறகு ஒரு சனிக்கிழமை கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"வேணாம்ண்ணே. ஏத்தத்துல வாழக்கா லாரியத் தாண்டுறேன், சரியா நடுவுல ஒங்க பெட்டி மூச்ச அமுக்குது. லாரிக்காரன் எட்டிப் பாத்துச் சிரிக்கிறான்."

"வழுக்கியிருக்கும்டா."

"வழுக்குனா எனக்குத் தெரியாதாண்ணே? ஒங்க டிரான்சிஸ்டருக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே என் குண்டிக்குத் தெரிஞ்சுரும்."

ரூபி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் விடவில்லை. "தெரிஞ்சு, கை கொறைக்கிறதுக்கு நேரம் ஆகும். மின்சாரத்துக்கு அந்த நேரம் வேண்டாம்."

"அப்ப மின்சாரத்துக்கே லைசென்ஸ் வாங்கிக் குடுத்துருங்க. நான் பின்னாடி உக்காந்து வர்றேன்."

அந்த வருட ஐப்பசி மழையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஒரு வளைவில், ஓரக்கல்லுக்கு அப்பால் சரிவில் அவனைக் கண்டெடுத்தார்கள். வண்டி சாலையிலேயே கிடந்தது. ஹெட்லைட் உடைந்திருந்தது, மற்றபடி கீறல்தான். ஓவர் ஸ்பீடு என்றார் போலீஸ்காரர். கல்லறையில் கைகொடுத்தவர்களும் அதையே மெல்லிய குரலில் சொன்னார்கள். நானும் வேறு எதையும் நினைக்கவில்லை. ஆனால் ராத்திரிகளில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சாலையின் ஒவ்வொரு குழியையும் அறிந்தவன், அங்கே எப்படி விழுந்தான்? அது தெரியாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

எஸ்டேட் கொட்டகையில் கிடந்த வண்டியை எடுத்துவரப் போகிறேன் என்றபோது ரூபி, "அந்தச் சனியன அங்கனயே யாருக்காச்சும் குடுத்துட்டு வாங்க" என்றாள். அதே வண்டியில் அந்த வளைவை ஒருமுறை கடந்து பார்க்கவேண்டும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் முத்தையா வண்டியைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தார். பிற்பகல்தான். ஆனால் கார்த்திகையில் அங்கே பிற்பகலுக்கு அர்த்தம் கிடையாது.

"மேகம் எறங்கிருச்சுங்க சார். இருந்துட்டுக் காலைல போங்க."

"ஸ்கூல் இருக்கு முத்தையா."

"சின்னவரு இருந்தா ஒங்களுக்குச் சாவியே குடுத்திருக்க மாட்டாருங்க. 'எங்கண்ணன் ஸ்கூட்டர்லயே வளைவுக்கு வளைவு எறங்கி நின்னு பாத்துட்டுத்தான் ஏறுவாரு'ம்பாரு." சொல்லிச் சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மெதுவாகத்தான் வந்தேன். இரண்டு பக்கமும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்கடியில் காப்பிச் செடி, அதற்கு மேல் எதுவும் தெரியாத வெள்ளை. எஸ்டேட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் என்ஜின் 'டுப்' என்றது. கார்புரேட்டரில் தூசி என்று நினைத்தேன். இன்னொரு வளைவில் மறுபடியும் டுப். அந்தச் சத்தத்தை ஒரு கோடை முழுவதும் காது வைத்துக் கேட்டவன் நான். அது தூசியின் சத்தமல்ல, என் பெட்டியின் சத்தம். என் பெட்டியோ பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டி இருந்த இடம் காலி. வெட்டிய ஒயர்முனைகளில் கருப்பு டேப் சுற்றியிருந்தது.

அதற்குப் பிறகு கவனித்ததைத்தான் உங்களால் நம்ப முடியாது. என் பெட்டி வழுக்கிய பின்னால்தான் வெட்டும். அதற்கு அவ்வளவுதான் முடியும், அளவிட ஒன்று நடந்தால்தானே அளக்கலாம். இங்கே முதலில் வெட்டு வந்தது, பிறகுதான் மேகத்துக்குள்ளிருந்து ஈர இலைக் குப்பை சக்கரத்துக்கடியில் வந்தது. தற்செயல் என்று நினைத்து, நல்ல காய்ந்த தார் கண்ட இடத்தில் வேண்டுமென்றே திருகினேன், வெட்டு இல்லை. அடுத்த திருப்பத்தில் ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் போனேன். டுப், உடனே சேறு. மறுபடியும் அப்படியே. விளைவு காரணத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. படித்தவனுக்கு அதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த வளைவு முன்னால் இருந்தது.

சுண்ணாம்படித்த ஓரக்கல் ஒன்று உடைந்திருந்ததை வைத்து இடத்தை அடையாளம் கண்டேன். வேகத்தைக் குறைத்தேன். வண்டி குறையவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினேன், மூடிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன், என்ஜின் சத்தம் ஏறியது. கிளட்சை அழுத்தினால் லீவர் வந்தது, பிடி விடவில்லை. இடது கையால் சாவியைத் திருப்பி உருவியே விட்டேன். அப்போதும் ஏறியது. பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன், பின்சக்கரம் கட்டிப்போட்ட காளை மாதிரி இழுக்கிறது, அதற்கிடையில் டுப், டுப், டுப் என்று வெட்டு மேல் வெட்டு. ஒன்று என்னைக் கல்லை நோக்கி இழுத்தது, ஒன்று இழுக்கும்தோறும் அதன் மூச்சை அமுக்கியது. வண்டி அங்கேயே நின்று நடுங்கியது. இரண்டு பேர் ஒரே வண்டியைப் பிடித்திருக்கிறார்கள், நான் நடுவில் இருக்கிறேன் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

என் தம்பிக்கு வேகம் பிடிக்கும், பெட்டி பிடிக்காது. அது ஒன்றுதான் அப்போது என் புத்தியில் இருந்தது. இழுப்பது அவன்தான், என்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் இழுக்கிறான் என்று நினைத்துக் கத்தினேன்.

"சீலா, கைய எடுடா!"

எடுத்தான். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கனம் இறங்கியதுபோல இருந்தது. நின்றுபோனது இழுப்பு அல்ல. வெட்டு.

வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. முன்சக்கரம் தூக்கியதில் நான் பின்னால் சரிந்து மலைப்பக்கத்துச் சாக்கடையில் விழுந்தேன்; கழுத்தெலும்பு உடைந்தது. வண்டி உடைந்த கல்லைத் தாண்டிக் கீழே போனது. விழுந்து நொறுங்குகிற சத்தத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். அது வரவில்லை. எங்கோ கீழே, மரங்களுக்குள், என்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருந்தது, எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பட்டென்று நின்றது. சாவி என் கையில் இருந்தது.

மனசு கேட்காமல் பின்னாலேயே ஜீப்பில் வந்த முத்தையாதான் என்னைத் தூக்கினார். தூக்கும்போதே கோபமாகப் பேசினார்.

"எதுக்கு சார் இம்புட்டு வெரசா வந்தீங்க? படிச்சவுகதானே நீங்க?"

"வேகமா வரல முத்தையா."

"காது இருக்குங்க எனக்கு. எஸ்டேட் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. சின்னவரு விழுந்த அன்னைக்கும் இதே சத்தந்தாங்க கேட்டுச்சு, இதே மாதிரிதான்."

எனக்குக் கிடைக்க வேண்டிய பதில் அங்கே, அந்த ஜீப்பின் பின்சீட்டில் கிடைத்துவிட்டது. என் தம்பி வேகமாக வரவில்லை. அவனும் ஆக்ஸிலேட்டரை மூடித்தான் பிடித்திருப்பான். அவன் பக்கத்தில் வெட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

பிறகு நிறைய யோசித்தேன். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ரப்பர் சீல் கிழிந்து காற்று நுழைந்தால், மூடினாலும் ஓடும், சாவியை எடுத்தாலும் ஓடும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கயிறு கட்டி மேலே கொண்டுவந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "சீல் புதுசு மாதிரி இருக்குங்க சார்" என்றார். சரி, அவர் தவறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குவதற்கு முன்பே தெரிந்துகொண்ட அந்த வெட்டுக்கு என்னிடம் அந்த அளவுக்குக்கூட விளக்கம் இல்லை. டிரான்சிஸ்டருக்கு முன்னால் தெரிந்துகொள்ளக்கூடியவன் என்று நான் அறிந்தது ஒருவனைத்தான்.

சென்ற வருடம் ரூபி படுக்கையில் இருந்த ஒரு பிற்பகல், மேகம் ஜன்னல்வரை வந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்து, "கீழ என்னமோ வண்டி ஏறி வருதுங்க, கதவச் சாத்துங்க" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாத்தினேன். அவள் போன பிறகும் மேகம் இறங்குகிற நாளில் சாத்துகிறேன்.

அன்றைக்கு நான் போகச் சொன்னது என் தம்பியை. இழுத்த இன்னொன்றை நான் போகச் சொல்லவே இல்லை.